தாத்தாவின் 'ஃபாண்ட்லி'

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலூரில் பட்டப்படிப்போடு பிரெஞ்சும் படிக்கிற ஒரு பெண் கேட்கிறாள்: "புதுச்சேரியில் இருக்கும் என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு எழுதும் கடிதத்தை எல்லாம் இங்கிலீஷில் 'ஃபாண்ட்லி' (fondly) என்று போட்டு முடிப்பார். 'ஃபாண்ட் என்ற வார்த்தையை இங்கிலீஷ்காரன் எங்களிடம் இருந்துதான் எடுத்தான். பிரெஞ்சில் ஃபோன் என்றால் அடி, ஆழம். மனசின் அடியில் இருந்து வருகிற பிரியம், அதனால் ஃபாண்ட்' என்கிறார். இது சரியா? இந்த 'ஃபாண்ட்லி'யைத் தமிழில் எப்படி எழுதுவது?"

சுருக்கமான பதில்: தாத்தா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை. 'ஃபாண்ட்' ஆழத்தில் இருந்து வரவில்லை, அசட்டுத்தனத்தில் இருந்து வந்தது. அதன் முதல் பொருள் முட்டாள்தனமான, புத்தி கெட்ட என்பதுதான். தாத்தா கையெழுத்துக்கு மேலே 'ஃபாண்ட்லி' என்று எழுதும்போது, வார்த்தையின் பூர்வீகத்தைப் பார்த்தால், 'அசட்டுத்தனமாக, உன் தாத்தா' என்று எழுதுகிறார். இதை அவரிடம் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லாதே.

நான் முப்பது வருஷமாக மஞ்சக்குப்பத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். பத்திரம், நோட்டீஸ், புதுச்சேரிக்காரர்களின் பிரெஞ்சுப் பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று எல்லாம் கைக்கு வரும். இந்த ஒரு வார்த்தையிடம் நானும் ஒருமுறை நன்றாக அடி வாங்கியிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

தாத்தா ஏன் அப்படி நினைத்தார் என்பதில் நியாயம் இருக்கிறது. 1066இல் பிரெஞ்சு பேசும் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் மூட்டை மூட்டையாக இங்கிலீஷுக்குள் போயின. தாத்தாவின் 'ஃபோன்' லத்தீனில் 'ஃபுண்டுஸ்', அதாவது அடிப்பாகம். அதன் பிள்ளைகுட்டிகள் இங்கிலீஷில் ஏராளம். நாம் மாதாமாதம் சீட்டுக் கட்டுகிற சிட் ஃபண்டில் உள்ள 'ஃபண்ட்' அந்தக் குடும்பம். 'ஃபவுண்டேஷன்' அந்தக் குடும்பம். ஆழ்ந்த என்று சொல்கிற 'ப்ரொஃபவுண்ட்' அந்தக் குடும்பம். பிரெஞ்சில் வீட்டின் உள்கூரையை 'ப்ளஃபோன்' என்பார்கள். தட்டையான அடி என்று அர்த்தம். தலைக்கு மேலே இருப்பதற்கு அடி என்று பெயர் வைத்ததைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டுப் பார், நன்றாகப் பேசுவார். இத்தனை சொந்தக்காரர்கள் இருக்கும்போது 'ஃபாண்ட்' மட்டும் எப்படி வேறு சாதி ஆகும் என்று நினைப்பது இயல்புதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. கேக் மேல் மெழுகுகிற 'ஃபாண்டன்ட்', டிடிபி சென்டரில் 'ஃபாண்ட் உடைஞ்சி வருது சார்' என்று சொல்கிறார்களே அந்த எழுத்துரு, இவை எல்லாம் லத்தீனில் ஊற்றுதல், உருக்குதல் என்ற வேரில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. ஈயத்தை உருக்கி ஊற்றி அச்செழுத்து வார்த்த காலத்துச் சொல் இன்று கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் எழுதும்போது எல்லாமே 'ஃபாண்ட்' என்று ஒரே முகத்தோடு நிற்பதால் அண்ணன் தம்பி போலத் தெரிகின்றன. நம் 'ஃபாண்ட்' இவர்கள் யாருக்கும் உறவில்லை.

எப்படித் தெரியும்? கடைசியில் இருக்கிற 'ட்' காட்டிக்கொடுத்துவிடுகிறது. தாத்தாவின் பிரெஞ்சுச் சொல்லிலும் கடைசியில் அந்த எழுத்து உண்டு, எழுதுவார்கள், உச்சரிக்க மாட்டார்கள். அங்கே அது லத்தீன் வேரிலேயே இருப்பது. நம் இங்கிலீஷ் சொல்லில் அது பின்னால் ஒட்டியது. 14ஆம் நூற்றாண்டில் 'ஃபான்' என்றொரு பெயர்ச்சொல் இருந்தது, முட்டாள் என்று அர்த்தம். முட்டாளாக நடந்துகொள்வதற்கு அதிலிருந்தே ஒரு வினைச்சொல். அந்த வினையோடு இறந்தகால விகுதி சேர்ந்து 'ஃபான்டு' ஆனது: புத்தி கெட்டுப்போன. அதுதான் தேய்ந்து 'ஃபாண்ட்'. கெட்டு என்பதில் உள்ள 'ட்டு' போலத்தான் அந்த 'ட்'டும். முட்டாளைக் குறிக்க சுவீடிஷ் மொழியில் 'ஃபோனே' என்று ஒரு சொல் உண்டு. இந்த 'ஃபான்' வடக்கில் இருந்து, கடல் தாண்டி வந்த ஸ்காண்டிநேவியர்களோடு வந்திருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் அந்தப் பக்கம்தான் கை காட்டுகிறார்கள்.

அந்த 'ஃபான்' வாயில் எப்படி வந்தது என்பதைக் காட்ட ஒரு நல்ல இடம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீஷ் கவிஞர் சாசர் எழுதிய கான்டர்பரி கதைகளில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு பேர் ஒரு மில்லுக்கு மாவரைக்க வருகிறார்கள். மில்லுக்காரன் திருடன். இவர்கள் கண்கொத்திப் பாம்பாக நிற்கிறார்கள் என்று தெரிந்ததும், பின்பக்கமாகப் போய் அவர்கள் குதிரையை அவிழ்த்து விட்டுவிடுகிறான். குதிரை ஓட்டம் பிடிக்கிறது. ஒருவன் மற்றவனைப் பார்த்துக் கத்துகிறான்: ஏன்டா குதிரையைக் கொட்டிலில் கட்டவில்லை, நீ ஒரு ஃபான்! இந்த இரண்டு பையன்களும் இங்கிலாந்தின் வடக்குப் பகுதிக்காரர்கள். அவர்கள் பேச்சையும் சாசர் வடக்குக் கொச்சையிலேயே எழுதுகிறார். நம்மூரில் 'லூசு' என்று கத்துவதற்குச் சமம். பாசத்துக்கு அங்கே இடமே இல்லை.

இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி உப்பு.

அதே நூற்றாண்டில், பைபிளை இங்கிலீஷுக்குக் கொண்டுவந்த விக்ளிஃப் பேரால் வழங்கும் எழுத்துகளில் ஒரு வரி வருகிறது: உப்பு 'ஃபான்னிட்' ஆனால் அதற்கு மதிப்பில்லை. மத்தேயு 5ஆம் அதிகாரத்து வசனம்தான். தமிழ் பைபிளில் 'உப்பானது சாரமற்றுப்போனால்' என்று படித்திருப்போம். அங்கே இந்தச் சொல்லுக்குப் பொருள் ருசி போன, சப்பென்று ஆன என்பது. முட்டாளுக்கும் சப்பிட்டுப்போன உப்புக்கும் ஒரே வார்த்தை. ருசி போவதுதான் மூத்த அர்த்தம், புத்தி போவது அதில் இருந்து கிளைத்தது என்று சொல்பவர்களும் உண்டு.

அது விசித்திரமாகத் தோன்றினால், அந்த வசனத்தின் கிரேக்க மூலத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் வினைச்சொல்லை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'உப்பு முட்டாளாகிவிட்டால்' என்றுதான் வரும். 'மோரோன்' என்று இங்கிலீஷில் திட்டுகிறார்களே, அதே கிரேக்க வேர். லத்தீனிலும் இந்த ஜோடி உண்டு. 'ஃபாதுவுஸ்' என்றால் மூடன், ருசியில்லாத பண்டம் இரண்டும். உன் பிரெஞ்சுப் பாடத்தில் 'சவ்வார்' என்றால் அறிதல், 'சவேர்' என்றால் சுவை என்று தனித்தனியாகப் படித்திருப்பாய். இரண்டும் ஒரே லத்தீன் வினையில் இருந்து வந்தவை. சுவைப்பதற்கும் அறிவதற்கும் அவர்களுக்கு ஒரே சொல்தான் இருந்தது.

நமக்கு மட்டும் என்ன? சாம்பாரில் உப்பு குறைந்தால் 'சப்புனு இருக்கு'. சுறுசுறுப்பில்லாத ஆளைப் பார்த்தால் 'சப்பை'. அர்த்தமில்லாத காரணத்துக்கு 'உப்புச்சப்பில்லாத காரணம்'. ரோஷம் இருக்கிறதா என்று ஒருவனைக் கேட்க வேண்டுமானால் 'சோத்துல உப்புப் போட்டுத்தான திங்கற?' என்கிறோம். புதுச்சேரியில் உப்பளம் என்றே ஒரு பேட்டை இருக்கிறது. வடக்கே மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகிறது. மழைக்கு முன்னால் ஓலை போட்டு மூடாத உப்புக் குவியல் என்ன ஆகும் என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் தெரியும். உப்பு கரைந்து ஓடிவிடும். மண்ணும் கசடும்தான் மிஞ்சும். பார்வைக்கு உப்பு, நாக்குக்கு ஒன்றுமில்லை. 'ஃபான்னிட்' என்றால் அதுதான்.

சரி, இந்தச் சப்பைச் சொல் பாசத்துக்கு எப்படி வந்தது?

வந்த வழி நமக்கு நன்றாகத் தெரிந்த வழி. முட்டாள்தனத்தில் ஒரு தனி ரகம் உண்டு. மற்ற எல்லா விஷயத்திலும் கெட்டிக்காரன், ஒரே ஒரு ஆளிடம் மட்டும் புத்தி வேலை செய்யாது. பிள்ளையிடம் அப்பா. பேரனிடம் பாட்டி. அப்படிப்பட்ட அப்பாவை 16ஆம் நூற்றாண்டு இங்கிலீஷில் 'ஃபாண்ட்' அப்பா என்றார்கள். ஆரம்பத்தில் அது குற்றச்சாட்டு: இவன் பிள்ளைக்குச் செல்லம் கொடுத்துக் கெடுக்கிறான், பாசம் கண்ணை மறைத்துவிட்டது. குற்றச்சாட்டையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் அதில் கோபம் தேய்ந்துபோகும். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 'பாசத்தால் அசடாகிப்போன' என்பதில் 'அசடு' மங்கி 'பாசம்' மட்டும் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இரண்டும் ஒரே சொல்லுக்குள் சேர்ந்து நிற்கிற நேரத்தில் அதைப் பிடித்தவர் ஷேக்ஸ்பியர். 1605ஐ ஒட்டி எழுதிய லியர் அரசன் நாடகத்தில், வாய்ச்சொல்லில் தேன் தடவிய மூத்த பெண்கள் இருவருக்கும் ராஜ்யத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, நேராகப் பேசிய கடைசிப் பெண்ணைத் துரத்திவிட்ட கிழவன், எல்லாம் போன பிறகு அந்தக் கடைசிப் பெண்ணின் முன்னால் கண் விழிக்கிறான். நான் எண்பது தாண்டிய, ரொம்ப முட்டாளான, 'ஃபாண்ட்' ஆன ஒரு கிழவன் என்கிறான். அங்கே 'ஃபாண்ட்' என்றால் என்ன என்று ஒரு தமிழ் வாத்தியாரைக் கேட்டால் பாடம் நடத்த வேண்டியதில்லை, ஒரே வரியில் முடிப்பார்: பெத்த மனம் பித்து. பித்து என்றால் பைத்தியம் என்று அகராதி சொல்லும். ஆனால் அந்தப் பழமொழியை யாரும் பைத்தியம் என்று புரிந்துகொள்வதில்லை, திட்டாகவும் புரிந்துகொள்வதில்லை. பிள்ளை மனம் கல்லு என்று அடுத்த பாதி வரும்போதுதான் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியும். 'ஃபாண்ட்' வந்து சேர்ந்த இடம் அதுவே.

இப்போது தாத்தாவுக்கு ஒரு நல்ல செய்தி. இந்தக் கதையில் பிரெஞ்சுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது, ஆனால் 'ஃபாண்ட்' வீட்டில் இல்லை, பக்கத்து வீட்டில். அளவுக்கு மீறிச் செல்லம் கொடுப்பதை இங்கிலீஷில் 'டோட்' என்பார்கள். அதுவும் முதலில் புத்தி தடுமாறுதல்தான். தள்ளாத வயதில் புத்தி தடுமாறுவதற்கு 'டோட்டேஜ்' என்று இன்றும் சொல்கிறார்கள். இதே ஜெர்மானிய வேர் பிரெஞ்சுக்குள்ளும் போயிருக்கிறது. வயசானவர்கள் சொன்ன கதையையே சொல்லிக்கொண்டிருப்பதைத் தாத்தா 'ரதொத்தே' என்பாரே, அது. அவர் தேடிய சொந்தம் உண்மையில் இருக்கிறது. ஆனால் அங்கேயும் இங்கிலீஷ்காரன் பிரெஞ்சுக்காரனிடம் எடுக்கவில்லை. பிரெஞ்சுக்காரன்தான் வடக்கே இருந்த ஜெர்மானியர்களிடம் எடுத்தான்.

'ஃபாண்ட்' பெற்ற பிள்ளைகளையும் பார்த்துவிடலாம். அளவுக்கு மீறிச் செல்லம் கொஞ்சப்பட்ட ஆளை 'ஃபாண்ட்லிங்' என்றார்கள். கொஞ்சுதலைக் குறிக்கும் 'ஃபான்டில்' என்ற வினை 17ஆம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் எழுத்தில் வருகிறது. தமாஷ் என்று பொருள்படும் 'ஃபன்' கூட, ஒருவனை முட்டாளாக்குதல் என்ற பொருளில் இருந்த அந்தப் பழைய 'ஃபான்'னின் மாறுவேஷமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து.

ஒரு இடைச்செருகல். அந்த 'ஃபான்டில்' பிறந்த சமயத்தில்தான், 1690இல், கிழக்கிந்தியக் கம்பெனி நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியர்களிடம் வாங்கி செயிண்ட் டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதை அளந்த விதம் தெரியுமா? பீரங்கியைச் சுட்டு, குண்டு விழுந்த தூரம் வரை கம்பெனிக்கு. அப்படிக் கைமாறிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமம்' என்றே பெயர் நின்றது. வடக்கே இருபத்து சொச்சம் கிலோமீட்டரில் பிரெஞ்சுக்காரன், இங்கே இங்கிலீஷ்காரன். எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டினால் மொழி மாறிய காலம். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள். தாத்தா 'ஃபாண்ட்'டைப் பிடிக்கப் பார்ப்பது அந்தப் பழைய சண்டையின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளலாம்.

நான் அடி வாங்கிய கதைக்கு வருகிறேன். 'ஃபாண்ட்' முழுக்கப் பாசத்துக்கு மாறிவிட்டது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பழைய அர்த்தம் ஒரே ஒரு பொந்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது: 'ஃபாண்ட் ஹோப்'.

இருபது வருஷம் இருக்கும். ஓ.டி.யில் (கடலூர் முதுநகரில்) இருந்து ஒரு பெரியவர் வந்தார். அவருக்கும் புதுச்சேரியில் இருக்கிற தம்பிக்கும் அப்பா வீட்டில் பாகத் தகராறு. தம்பியின் வக்கீல் இங்கிலீஷில் பதில் நோட்டீஸ் அனுப்பியிருந்தார். தன் வக்கீலைப் பார்ப்பதற்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறான் என்று தெரிந்துகொள்ள என்னிடம் கொண்டுவந்தார். அதில் ஒரு வரி, பாதிப் பாகம் கிடைக்கும் என்று தங்கள் கட்சிக்காரர் வைத்திருக்கும் 'ஃபாண்ட் ஹோப்' பற்றி. நான் அப்போது 'ஃபாண்ட்' என்றால் பிரியம் என்று மட்டுமே தெரிந்தவன். 'தங்கள் கட்சிக்காரர் அன்போடு கொண்டிருக்கும் நம்பிக்கை' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்று பக்கத்தில் மற்றது எல்லாம் கடுகடு என்று இருக்கிறது, இந்த ஒரு வரி மட்டும் ஏன் இவ்வளவு குழைவு என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பெரியவர் அந்த வரியின் மேல் விரலை வைத்து இரண்டு தடவை படித்தார். "பாத்தியா சார், அன்போடன்னு எழுதிகிறான். மனசு எறங்கிட்டிச்சி எந்தம்பிக்கு" என்றார். வைகாசி மாசம். வக்கீலிடம் போகவில்லை. பண்ருட்டி பலாப்பழம் ஒன்றை வாங்கி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்கே போய்விட்டார்.

மறுநாள் அவருடைய வக்கீல் என்னைக் கூப்பிட்டனுப்பி, நான் எழுதிய தாளை மேஜைமேல் விரித்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் சிரித்தார். அந்த வரிக்கு அர்த்தம் 'தங்கள் கட்சிக்காரரின் நப்பாசை'. பெரியவரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "பழத்த வாங்கிக்கினான் சார். கேஸ வாபஸ் வாங்கல" என்றார், அவ்வளவுதான். கேஸ் அதன்பிறகும் வருஷக்கணக்கில் நடந்தது. மொழிபெயர்த்த கூலியை நான் திருப்பிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை.

அன்றைக்குத்தான் இந்த வார்த்தையின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். 'ஃபாண்ட் ஹோப்' என்றால் நப்பாசை, அசட்டு நம்பிக்கை, பலிக்காத ஆசை. இப்போது நம்மூர் இங்கிலீஷில் ஆண்டறிக்கை எழுதுகிறவர்களும் வரவேற்புரை வாசிக்கிறவர்களும் 'எங்கள் ஃபாண்ட் ஹோப்' என்று நெடுநாள் ஆசை என்ற பொருளில் தாராளமாக எழுதுகிறார்கள். படிக்கிறவர்களும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அதைத் தப்பு என்று சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் எதிர்க்கட்சி வக்கீல் எழுதினால் பழைய அர்த்தம்.

கல்லூரிப் பாடத்தில் கவிஞர் மில்டனின் சானெட்டில், அதாவது பதினாலு வரிக் கவிதையில், வழுக்கி விழாத மாணவர்களே குறைவு. கண் பார்வை முழுக்கப் போன பிறகு எழுதியது, 1673இல் அச்சானது. வெளிச்சத்தைப் பறித்துக்கொண்ட கடவுள் என்னிடம் பகல் வேலையும் கேட்பாரா என்று 'ஃபாண்ட்லி' கேட்கிறேன் என்று வரும். அன்போடு கேட்கிறேன் என்று நோட்ஸில் எழுதியிருப்பதை நானே பார்த்திருக்கிறேன். முட்டாள்தனமாகக் கேட்கிறேன் என்பதுதான் பொருள். அப்படிக் கேட்டதற்காக உடனேயே பொறுமை வந்து அவர் வாயை அடைக்கிறது.

இதெல்லாம் இங்கிலீஷ்காரனின் தனிக் கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். நாம் அவனுக்கு முன்னாலேயே இந்த வழியில் நடந்தவர்கள். 'மையல்' என்ற சொல்லை எடுத்துக்கொள். இன்று காதல் மயக்கத்துக்கு மட்டும் சொல்கிறோம். குறளில் பேதைமை அதிகாரத்தில், பேதையின் கையில் ஒரு பொருள் கிடைத்தால் 'மையல் ஒருவன் களித்தற்றால்' என்று வருகிறது: பித்துப் பிடித்தவன் கள்ளும் குடித்தது மாதிரி. அங்கே மையல் சுத்தமான பைத்தியம். யானைக்குப் பிடிக்கும் மதத்துக்கும் மையல் என்று பெயர் உண்டு. 'மடமை' என்றால் அறியாமை. அதே மடத்தில் இருந்துதான் 'மடந்தை'. 'பேதை' என்று பெண்ணைச் சொன்னால் அது வசவா கொஞ்சலா என்பதைச் சொல்கிறவரின் குரல்தான் முடிவு செய்யும்.

இதற்கெல்லாம் மேலே நம் பழைய தென்னாற்காட்டுக்கே சொந்தமான ஒரு வழக்கு இருக்கிறது. வழக்கு என்றால் நிஜமாகவே கோர்ட் வழக்கு. சுந்தரருக்குப் புத்தூரில் கல்யாணம். மணப்பந்தலில் ஒரு கிழவர் வந்து நின்று, 'இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது' என்கிறார். பிராமணன் பிராமணனுக்கு அடிமையாவது உண்டா, நீ என்ன பித்தனா என்கிறார் சுந்தரர். ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் விடுகிறார். கிழவர் விடவில்லை, கிழித்தது நகல்தான், மூல ஓலை என் ஊரில் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேஸை ஜெயிக்கிறார். தொழில்காரன் என்ற முறையில் எனக்கு அந்தக் கிழவர் மேல் பெரிய மரியாதை. நகலைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்தார் பார். கடைசியில் அவர் சிவன் என்று தெரிந்து, 'என்னை என்னவென்று பாடுவேன்' என்று சுந்தரர் திகைத்தபோது, 'பித்தன் என்றாயே, அப்படியே தொடங்கு' என்று பதில் வருகிறது. பித்தா பிறைசூடி. திட்டின சொல்லே சுந்தரர் தேவாரத்தின் முதல் சொல். 'ஃபாண்ட்' அந்தத் தூரத்தைக் கடக்க இருநூறு வருஷம் ஆனது. இங்கே ஒரே நாளில், மணப்பந்தலுக்கும் கோயிலுக்கும் நடுவில் நடந்து முடிந்துவிட்டது.

'நைஸ்' என்பதும் முதலில் முட்டாள் என்ற அர்த்தத்தில் பிரெஞ்சில் இருந்து போனதுதான், அதைத் தாத்தா தாராளமாக உரிமை கொண்டாடலாம். 'சில்லி' நேர் எதிர்: பாக்கியம் பெற்ற என்பதில் தொடங்கி, பாவம் ஒன்றும் தெரியாத என்றாகி, முட்டாள் என்பதில் வந்து விழுந்தது. சாசரின் குதிரை ஓடிய இடத்தில் அடுத்த வரியிலேயே அந்தப் பையன்களை 'செலி' என்கிறார், நடுவழியில் இருந்த 'சில்லி' அது, ஐயோ பாவம் என்ற அர்த்தத்தில்.

பழக்கத்தில் ஒன்றிரண்டு கவனிக்க வேண்டும். ஒருவரைப் பற்றி 'ஐ ஆம் ஃபாண்ட் ஆஃப் ஹிம்' என்றால் காதல் இல்லை, அதற்குக் கீழ்ப்படி. பிடிக்கும், பிரியம் உண்டு, நாளாகப் பழகின வாஞ்சை. கல்யாணம் பேசுகிற இடத்தில் பையன் இப்படிச் சொன்னால் பெண்ணுக்கு நிறைவாக இருக்காது. சாப்பாட்டு விஷயத்தில் நம் ஆட்கள் சொல்கிற 'அவருக்கு வஞ்சிரம்னா உசுரு', 'நெத்திலின்னா பைத்தியம்' இரண்டும் 'ஃபாண்ட் ஆஃப்' என்பதற்குச் சரியாகப் பொருந்தும். பைத்தியம் என்பது பூர்வீகத்துக்கே பொருந்தும். 'ஃபான்டில்' மட்டும் எழுதாதே. பழைய புத்தகத்தில் பாட்டி பேரனை 'ஃபான்டில்' செய்திருப்பாள், அது கொஞ்சல். இன்று அந்தச் சொல் போலீஸ் புகாரில் வருகிற தகாத தொடுதலுக்குப் போய்விட்டது.

இரண்டாவது கேள்வி, தமிழில் எப்படி எழுதுவது. 'அன்புடன்' போட்டால் தப்பில்லை, எல்லாரும் அதைத்தான் போடுவார்கள். ஆனால் 'அன்புடன்' இப்போது கல்யாணப் பத்திரிகையில் இருந்து கட்சி போஸ்டர் வரை போய், சப்பிட்டுப்போய்விட்டது. நானாக இருந்தால் 'பிரியத்துடன்' என்பேன். அதிலும் அந்தப் பழைய அசட்டுத்தனம் வராது. தாத்தாவின் கடிதத்தை எடுத்து 'ஃபாண்ட்லி'க்கு மேலே இருக்கிற பத்தியைப் பார். கல்லூரி முடிந்ததும் இருட்டுவதற்குள் பஸ் ஏறு, ஜன்னல் ஓரம் உட்காராதே, காசு வேண்டுமானால் அப்பாவிடம் கேட்காதே என்னிடம் கேள் என்று ஏதாவது எழுதியிருப்பார். அதை மொழிபெயர்த்துவிட்டால் கையெழுத்துக்கு மேலே வெறும் 'தாத்தா' போதும்.